அவ்வகை பிறவும்: தமிழ்ப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கும், வினாத்தாளும் விடைக்குறிப்பும் அமைக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

காவிரி டெல்டாவில் ஓர் அரசுப் பள்ளியில் 22 ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்களில் பலரும் சாக்பீஸ் தூள் படிந்த கையோடு வகுப்பில் நின்றவர்கள்தான். வெளியாட்களுக்கு எழுதுவதாக நினைத்து இதை எழுதவில்லை.

ஒரு விடைத்தாளில் இருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரையாண்டுத் தேர்வில் "மருத நிலத்துக்குரிய பறவைகள் யாவை?" என்று ஒரு கேள்வி வந்தது. என் மாணவி ஒருத்தி "கொக்கு, மடையான், மீன்கொத்தி" என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் இருந்தவை நாரை, நீர்க்கோழி, அன்னம். சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதில் நாரை, நீர்க்கோழி, அன்னம் மூன்றும் வரிசை மாறாமல் இருந்தன. முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பையன் அன்னத்தைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

தாள் திருத்தும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சாயங்காலம் பேருந்தில் வரும்போது சன்னலுக்கு வெளியே வரப்பில் ஒரு மடையான் நின்றது. மண்ணின் நிறத்தில், மண்ணோடு மண்ணாக, ஆள் கிட்டே போகிறவரை அசையாமல் நிற்கும் பறவை அது. எழுந்து பறக்கும்போதுதான் சிறகின் உள்பக்கத்து வெள்ளை தெரியும். அந்தப் பெண் தினமும் அந்த வரப்பு வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறாள். அவள் எழுதியது கண்ணால் கண்டது. நான் அதைத் தவறு என்று சொல்லிவிட்டு, யாரும் காணாததற்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வந்த சங்கடம் இன்னும் போகவில்லை. இந்த மடலும் அதில் இருந்து வந்ததுதான்.

வீட்டுக்கு வந்ததும் தொல்காப்பியத்தை எடுத்து அகத்திணையியலைப் புரட்டினேன். பலமுறை நடத்திய நூற்பாதான், மூன்றே அடி.

தெய்வம் உணாவே மாமரம் புட்பறை
செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ
அவ்வகை பிறவும் கருவென மொழிப

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள் எட்டைத் தொல்காப்பியர் பெயர் சொல்லி எண்ணுகிறார். அப்புறம் "அவ்வகை பிறவும்" என்கிறார். இந்த மாதிரியானவை இன்னும் உண்டு, பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். இந்த இரண்டு சொல்லை அதற்கு முன் எத்தனையோ தடவை வகுப்பில் வாசித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த இடத்தில் நின்றதில்லை. பிள்ளைகளையும் நிற்க விட்டதில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நாற்கவிராச நம்பி, படிப்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று அகப்பொருளை ஒழுங்குபடுத்தி எழுதினார். அந்த நூலில்தான் "கரு ஈரெழு வகைத்து ஆகும்" என்று வருகிறது. பதினான்கு, அதோடு சரி. "பிறவும்" போய்விட்டது. அந்தப் பதினான்கில் மக்கள் "உயர்ந்தோர்" என்றும் "அல்லோர்" என்றும் இரண்டு இனமாக நிற்கிறார்கள். தொல்காப்பியம் உயர்வு தாழ்வு அறியாத நூல் என்று நான் சொல்ல வரவில்லை. உயர்வு தாழ்வுக்கான சான்றுகள் அதிலேயே இருக்கின்றன. ஆனால் இந்த மூன்றடியில் அந்தப் பிரிவு இல்லை. நம் பாடநூல்களில் இருக்கும் அட்டவணை நம்பியின் பதினான்கைத் தழுவியது. கட்டம் கட்டி, கோடு போட்டு, மனப்பாடம் செய்ய வாகாக இருக்கிறது. காலிக் கட்டம்தான் ஒன்றுகூட இல்லை.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்று தோன்றலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கவிதைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் என்ன உறவு என்று உலகத்தில் பலரும் யோசித்திருக்கிறார்கள். நம் மொழியில் அந்த யோசனை இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் பாயிரத்தில் பனம்பாரனார் "வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்" என்று சொல்லும்போது வழக்குதான் முன்னால் வருகிறது. மக்கள் பேசுவது முதலில், செய்யுள் அதற்குப் பின்னால். அகத்திணையியலில் கவிதையின் நெறியைச் சொல்லும்போதும் "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். புனைவு ஒரு கால், நடப்பு ஒரு கால். முதல் (இடமும் பொழுதும்), கரு (அங்கே இருப்பவை), உரி (அவற்றோடு ஒட்டிய உணர்வு) என்று மூன்றைப் பிரிக்கும் நூற்பாவின் முடிவிலும் "பாடலுள் பயின்றவை நாடும் காலை" என்று வருகிறது. பாடல்களைத் தேடிப் பார்த்து, அவற்றில் பழகி வந்ததை எடுத்துச் சொல்கிறேன் என்கிறார். பாடல் முன்னால் போயிருக்கிறது, இலக்கணம் பின்னால் வந்திருக்கிறது. நாம் பிள்ளைகளுக்கு அட்டவணையை முதலில் கொடுத்துவிட்டு, பாடலை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறோம்.

ஒரு வருடம் இதைத் திருப்பிப்போட்டுப் பார்த்தேன். அட்டவணையைத் திறக்காமல் குறுந்தொகையின் 167ஆம் பாட்டோடு வகுப்பைத் தொடங்கினேன். கூடலூர் கிழார் பாடியது. புதுமணப்பெண் ஒருத்தி கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பைத் தானே துழாவிச் சமைத்துக் கணவனுக்குப் போடுகிறாள். அவன் "இனிது" என்று உண்கிறான். அவ்வளவுதான் கதை. கடைசி அடியில் "நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே" என்று அவள் முகத்தில் வந்த மெல்லிய மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து செவிலித்தாய் சொல்கிறாள்.

"எங்க அம்மாவும் கைய நைட்டியிலதான் தொடைப்பாங்க டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பெண். வகுப்பு முழுக்கக் கை தூக்கிவிட்டது. யார் வீட்டில் என்ன தாளிப்பார்கள், விறகடுப்புப் புகைக்கும் கேஸ் அடுப்பில் கடுகு வெடிக்கிற புகைக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் பேச்சு போனது. அப்போது எப்போதும் பேசாத ஒரு பெண் எழுந்து "குழம்பு வச்சவங்க சாப்டாங்களான்னு பாட்டுல இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். பாட்டில் இல்லை. அவன் உண்டான், அவள் மகிழ்ந்தாள் என்பதோடு பாட்டு முடிகிறது. "இல்லை" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டுக்கு முன்னால் நின்று ஒரு பதினைந்து வயதுப் பெண் இப்படி ஒரு கேள்வி கேட்டாள் என்றால், பாட்டில் வரும் அடுக்களையும் தன் வீட்டு அடுக்களையும் ஒன்றே என்று அவள் நம்பியதால்தான் கேட்டாள். எந்த அட்டவணையும் அந்தக் கேள்வியை அவளுக்குள் எழுப்பியிருக்காது.

புலவர்களின் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடநூலில் "நூல் வெளி" என்று ஒரு கட்டம் போட்டு ஆசிரியர் குறிப்பைத் தருகிறோம். அதில் நாம் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. சங்கப் புலவர்கள் சிலருடைய இயற்பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவர்களுக்கு அவர்களுடைய உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீராரை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களும் இருக்கிறார்கள். குப்பைமேட்டில் விலக்கிவிட ஆளில்லாமல் தனியாகச் சண்டை போடும் கோழிகளைத் தன் நோய்க்கு உவமையாகச் சொன்னவர் குப்பைக் கோழியார். நெஞ்சு ஒரு பக்கமும் அறிவு ஒரு பக்கமும் இழுக்க, இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் பழைய கயிறு போல் உடம்பு தேய்கிறது என்று பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஆட்கள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பார்த்தவர் அணிலாடு முன்றிலார். கோழி, கயிறு, அணில் என்று வாசற்படியில் இருந்தே பார்க்கக் கிடைப்பவை. அந்தப் பார்வை ஒருவருக்குப் பெயராகி இவ்வளவு காலம் நின்றிருக்கிறது.

பிள்ளைகளிடம் "உன் பெயரை மறைத்துவிட்டால் எந்த உவமையால் உன்னைக் கூப்பிட வேண்டும்? நீ பார்த்ததில் இருந்து எழுது" என்றேன். முதல் நாள் நிலா, ரோஜா, வானவில் என்றுதான் வந்தன. எல்லாம் அச்சில் படித்தவை. மறுபடியும் கேட்டேன், மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் ஒரு பையன் எழுதினான்: "கரண்ட் போனதும் கேக்குற தவளை." மின்விசிறியும் தொலைக்காட்சியும் நின்றபிறகுதான் அதுவரை கத்திக்கொண்டே இருந்த தவளை காதில் விழும். வகுப்பில் இவன் குரலும் அப்படித்தான். எல்லோரும் ஓய்ந்தால்தான் கேட்கும். அந்த வருடம் முழுக்க அவனைத் தவளையார் என்றே நண்பர்கள் மரியாதையோடு கூப்பிட்டார்கள்.

புலவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் பாடத்தில் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். அறுவை வாணிகன் என்றால் துணி விற்றவர், கூலவாணிகன் தானியம் விற்றவர். உறையூர் மருத்துவன், மதுரைப் பெருங்கொல்லன், தங்கால் பொற்கொல்லன் என்று தொழில் பெயரோடு ஒட்டியே இருக்கின்றன அந்தப் பெயர்கள். நீடாமங்கலம் பக்கம் கோயில்வெண்ணியைப் பேருந்து கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வெண்ணிக் குயத்தியார் நினைவுக்கு வருவார். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேராக, தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்ட பெண். புறநானூற்றின் 66ஆம் பாட்டு. மண் பிசைந்த குடியில் பிறந்தவர் என்று பெயரே சொல்கிறது. அந்த ஊர் வழியாகத் தினமும் போய்வரும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. தேர்வில் வராது, ஆகவே தெரியாது.

அப்புறம் நூல். நன்னூல் இலக்கணத்தின் முன்னுரையான பொதுப் பாயிரத்தை நடத்தும்போது "நூல் என்றால் என்ன?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சில், தமிழில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒரு பையன் சொன்னான்: "அப்பா சுவருக்குப் புடிக்கிறது." அவன் அப்பா கொத்தனார். மற்ற பிள்ளைகளுக்கு அது தவறான பதிலாகப் பட்டது. நன்னூலை அந்தப் பையனுக்காகவே எழுதியது போல் இருந்தது எனக்கு. அதை எழுதிய பவணந்தியார் நூலுக்கு இரண்டு விளக்கம் தருகிறார். ஒன்று, பஞ்சு நூற்கும் பெண்: சொல் பஞ்சு, புலவன் நூற்பவள், வாய் அவள் கை, அறிவு கதிர். இன்னொன்று, தச்சர் காவியில் நனைத்து மரத்தின்மேல் சுண்டிவிடும் நூல்: மரத்தின் கோட்டத்தை, அதாவது வளைவை, தீர்ப்பது போல் மாந்தர் மனக்கோட்டம் தீர்ப்பது. அந்தப் பையனைக் கரும்பலகைக்கு அழைத்து ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், கரணை, மணியாசுக் கட்டை எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். "நூல் பிடிக்காம கட்டுனா சுவர் வயிறு தள்ளிரும்" என்றான். கோட்டம் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் நான் எந்த உரையிலும் படித்ததில்லை.

நெடுநல்வாடையில் அரண்மனை கட்ட இடம் குறிக்கும் பகுதியை அன்றே அவனுக்கு வாசித்துக் காட்டினேன். நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசையை உறுதிசெய்து, "நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு" மனை வகுக்கிறார்கள். கயிறு பிடித்துக் கட்டிடம் எழுப்புகிறவரை நக்கீரர் புலவர் என்கிறார். அந்தப் பையன் அந்த அடியைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பர் என்று குழூஉக்குறிக்கு, அதாவது ஒரு தொழிலார் தமக்குள் மட்டும் பேசும் சொல்லுக்கு, இன்றுவரை அதே எடுத்துக்காட்டைத்தான் கொடுக்கிறோம். அந்தச் சொல்லை முதலில் எழுதிவைத்தவர் பட்டறைப் பக்கம் போய்க் காது கொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் மெக்கானிக் கடையிலும் மீன் ஏலத்திலும் நெல் மண்டியிலும் நிற்கிறவர்கள். நெல்லை மரக்காலால் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணாமல் "லாபம்" என்று தொடங்குவதை அவர்கள் தாத்தாக்கள் சொல்லக் கேட்டவர்கள். விளக்கை "அணை" என்று சொல்லாமல் "அமர்த்து" என்று சொல்லும் வீடும், "போறேன்" என்று சொன்னால் "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திருத்தும் பாட்டியும் இன்னும் இருக்கிறார்கள். மங்கல வழக்கு என்ற பாடம் அந்தப் பாட்டியிடம் இருக்கிறது. ஒரு வரி போதும்: "உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இப்படிக் கேட்டதை எழுதிவருக." புத்தகத்தில் அது இருந்தால் ஆசிரியர்களுக்குத் தைரியம் வரும். இல்லாவிட்டால் "பாடத்தை முடிக்காமல் கதை பேசுகிறார்" என்ற பெயர்தான் வரும். எனக்கு வந்திருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது எனக்கே வலிக்கிற இடம். கருப்பொருளைப் பிள்ளைகளின் வாழ்க்கையோடு சேர்க்க வேண்டும் என்ற ஆர்வத்தில் ஒரு நாள் "அவரவர் வீட்டுத் தொழிலைச் சொல்லுங்கள்" என்று வகுப்பில் கேட்டுவிட்டேன். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையனிடம் வந்ததும் நின்றது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவன் தாத்தா சாவுக்குப் பறையடிக்கிறவர். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். கேட்பதற்கு முன் நான் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் அந்த அட்டவணையைத்தான் எடுத்தேன். மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பறை என்ற ஒரு வரிசையை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. பறை இல்லாத நிலம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்கு, அறுவடைக்கு, மீன் பிடிக்க, காளை தழுவ என்று வாழ்க்கை எங்கெல்லாம் நடந்ததோ அங்கெல்லாம் தோல் அதிர்ந்திருக்கிறது. அதைச் சாவுக்கு மட்டும் என்று குறுக்கியதும், அடிக்கிறவரைத் தள்ளி நிறுத்தியதும் யார் செய்த வேலை என்று வகுப்பில் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து அந்தப் பையன் வந்து, "அறுப்புக்கும் அடிச்சிருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டான். நெல்லரிகிணை என்ற சொல்லைப் பிரித்துக் காட்டினேன்: நெல், அரி, கிணை. நோட்டில் எழுதிக்கொண்டான். தாத்தாவிடம் போய்ச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

ஆகவே, பாடநூலில் இப்படிப்பட்ட செயல்பாடு எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: "உன் குடும்பத் தொழிலைப் பற்றி எழுது" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "நீ பார்த்த ஒரு வேலையைப் பற்றி எழுது" என்று கேளுங்கள். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுக்கும் இடம் பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

இந்தக் காலத்துக்குத் திணை எப்படிப் பொருந்தும், நிலமே மாறிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் தொல்காப்பியர் வழி வைத்திருக்கிறார். "எந்நில மருங்கில் பூவும் புள்ளும் அந்நிலம் பொழுதொடு வாரா ஆயினும் வந்த நிலத்தின் பயத்த ஆகும்." எந்த நிலத்துப் பூவும் பறவையும் வேறொரு நிலத்துக்கு வந்துவிட்டால், வந்த நிலத்தின் பயனைத் தரும். எங்கள் வயல்களில் இப்போது மேற்கு வங்கத்தில் இருந்து வந்தவர்கள் நடவு நடுகிறார்கள். எங்கள் பெண்கள் நடவில் குலவையிட்டதைக் கேட்டு வளர்ந்த எனக்கு முதலில் அது என்னவோ போல் இருந்தது. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. கருப்பொருள் எழுதச் சொன்னால் "வங்காளத்து அண்ணன்கள்" என்று மருதத்தில் சேர்த்துவிடுகிறார்கள். சீமைக் கருவேலத்தைப் பாலையில் சேர்க்கிறார்கள். நூற்பாவை நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் அதன்படிதான் எழுதினார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். நெல் விளையும் ஊர், வாய்க்கால், மடை, எருமை எல்லாம் இருக்கிறது. நிலம் மருதம்தான். உரிப்பொருளுக்கு வந்தால், மருதத்துக்குரிய ஊடலை எழுதுகிற பிள்ளை மிகக் குறைவு. பாதிக்கு மேல் பாலைக்குரிய பிரிவைத்தான் எழுதுகிறார்கள். அப்பா திருப்பூரில், அப்பா சிங்கப்பூரில், அண்ணன் துபாயில். அணில் விளையாடும் பூட்டிய வீடு ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டு இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொன்னது. மருதம் பாலை ஆவதை எங்கள் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் கலக்கும் திணைமயக்கம் என்ற பாடத்தை எனக்கு விளங்கவைத்தவர்கள் அவர்கள்.

கேட்பது இதுதான். அட்டவணையில் கடைசியாக ஒரு காலி வரிசை விடுங்கள். அதன் தலைப்பில் "அவ்வகை பிறவும்" என்று அச்சடியுங்கள். வினாத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி, பிள்ளை தன் கண்ணால் கண்ட ஓர் இடத்தையும் பொழுதையும் அங்கே இருப்பவற்றையும் எழுதுகிற கேள்வி, வைத்துப் பாருங்கள். அதற்கு மாதிரி விடை மட்டும் எங்கும் அச்சிட வேண்டாம். அச்சில் வந்த மறுவாரமே வழிகாட்டி நூல்களில் ஏறி, பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

லட்சக்கணக்கான தாள்களில் இப்படி ஒரு விடையை ஒரே மாதிரி எப்படி மதிப்பிடுவது என்ற கவலை உங்களுக்கு வரும். நியாயமான கவலை. எனக்குத் தெரிந்தவரை முதல், கரு, உரி மூன்றுமே அதற்கு அளவுகோல். இடமும் பொழுதும் குறிப்பாக இருக்கிறதா? பொருள்கள் சொந்தப் பெயரோடு வருகின்றனவா? அவற்றோடு ஒட்டிய ஓர் உணர்வு இருக்கிறதா? "எங்கள் கிராமம் மிகவும் அழகானது, பறவைகள் பறக்கும், இயற்கை எழில் கொஞ்சும்" என்று எழுதினால் மூன்றும் இல்லை. போன வருடம் ஒரு மாணவி எழுதியது: "சம்பா அறுத்த வயல்ல சாயங்காலம் வாத்து மேய்க்கிறவர் தனியா உக்காந்து சாப்பிடுறார். வாத்தெல்லாம் கூட்டமா இருக்கு." பேச்சு வழக்கில் இருக்கிறது, ஒற்றுப் பிழைகூட ஒன்று இருந்தது. மூன்றும் இருக்கிறது. இரண்டு தாளையும் அருகருகே வைத்தால் எந்த ஆசிரியருக்கும் தடுமாற்றம் வராது.

தேர்வில் உடனே முடியாது என்றால் அகமதிப்பீட்டில் தொடங்குங்கள். அதுவும் இல்லையென்றால், குறைந்தது விடைக்குறிப்பின் அடியில் "மாணவர் தம் வட்டாரத்தில் காணும் பறவைகளை எழுதியிருந்தாலும் மதிப்பெண் அளிக்கலாம்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் நான் அந்தத் தாளைச் சுழித்திருக்க மாட்டேன். அவள் பள்ளி முடித்துப் போய்விட்டாள். தாள் கட்டு பழைய பேப்பருக்குப் போய்விட்டது.

இந்த ஆண்டு வகுப்பு எழுதிய மருதத்தின் கருப்பொருளை இதோடு அனுப்புகிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் சரிசெய்திருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை. தெய்வம்: வாய்க்கால் கரை ஐயனார். உணவு: ரேஷன் அரிசிச் சோறு, நண்டுக் குழம்பு, பழைய சோறு. விலங்கு: எருமை, வயல் எலி, கீரி. மரம்: வேம்பு, பூவரசு, காற்றில் விழுந்து மறுபடி தழைத்த தென்னை. புள்: கொக்கு, மடையான், மீன்கொத்தி, வாத்து. பறை: பறை, கோயில் உறுமி, கதிர் அறுக்கும் எந்திரத்தின் சத்தம். நீர்: ஆற்று நீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர். தொழில்: நாற்றுப் பறிப்பது, நூறு நாள் வேலை, செல்போன் கடை. யாழ்: தாத்தாவின் பழைய ரேடியோ. அவ்வகை பிறவும்: ராத்திரி பத்தரை மணிக்கு துபாயில் இருந்து வரும் அப்பாவின் குரல் செய்தி, அதை அம்மா இரண்டாவது தடவை போட்டுக் கேட்பது.

இப்படிக்கு,
டெல்டாவில் இருந்து ஒரு தமிழாசிரியை